ராத்திரியைப் பார், கண்ணு

கண்ணு,

போன ஞாயிறு நீ வந்துவிட்டுப் போன பிறகு மூன்றாவது மேடையில் ஒரு எச்செவேரியாத் தொட்டி கொஞ்சம் திரும்பி உட்கார்ந்திருந்தது. எடுத்துப் பார்த்தால், நடு அடுக்கு இலை ஒன்றில் ஒரு கட்டைவிரல் ரேகை. மற்ற இடமெல்லாம் திருநீறு பூசினாற்போல் வெள்ளை. அந்த ஓரிடத்தில் மட்டும் இலையின் நிறம் பளபளவென்று தெரிகிறது. உன்னுடையதுதான். சங்கடப்படாதே. என் மேடையில் பாதிச் செடிகளில் யாருடைய ரேகையாவது இருக்கிறது. இரண்டில் என் பேரனுடையது. ஆனால் முற்றிய இலையில் அந்த மாவு மறுபடி ஊறுவதில்லை. நடுவிலிருந்து புது இலைகள் வந்து, இந்த இலை அடிக்குத் தள்ளப்பட்டு, காய்ந்து சருகாகும்வரை உன் கட்டைவிரல் இங்கேதான் இருக்கும்.

அந்த மாவு அலங்காரத்துக்கு வந்ததல்ல. இலை தானே சுரந்து தன்மேல் பூசிக்கொள்ளும் மெழுகு. கடும் வெயிலைத் திருப்பி அனுப்பும், மழைத்துளியை உருட்டி விடும், உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாது. நர்சரி வைக்கப்போகிறேன் என்றாயே, இதை முதலில் பழகிக்கொள்: தொட்டியைப் பிடித்துத் தூக்கு, செடியின் தலையைப் பிடித்துத் தூக்காதே. பிள்ளையைக் காதைப் பிடித்துத் தூக்குவோமா?

கிளம்பும்போது கேட்டாய், "இந்தக் கலர் வர்றதுக்கு என்ன உரம் போடறீங்கம்மா?" என்று. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அப்புறம் எழுதுகிறேன் என்றேன். இந்த மாதம் மட்டும் இதே கேள்வியோடு வந்த மூன்றாவது ஆள் நீ. அதனால்தான் உனக்கு எழுதுவதைப் பத்திரிகைக்கும் கொடுத்துவிட்டேன். மற்ற இருவரும் படித்துக்கொள்ளட்டும்.

உரம் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் உரம் போட்டால்தான் கலர் போகும். இந்தச் செடிக்குக் கலர் கொடுப்பது ராத்திரி.

இதை நான் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. கோத்தகிரிக்கு வருவதற்கு முன் நாங்களும் உன் ஊரில்தான் இருந்தோம். தாம்பரத்தில் இரண்டாவது மாடி, மேலே மொட்டை மாடி எங்களுக்கு. ஒரு டிசம்பரில் மலை நர்சரி ஒன்றிலிருந்து பன்னிரண்டு எச்செவேரியா வரவழைத்தேன். எல்லாம் 'பெர்லே ஃபொன் நியூர்ன்பெர்க்'. ஜெர்மனியில் 1930களில் உருவான கலப்பு. நியூரம்பெர்க்கின் முத்து என்று அர்த்தம். பெயருக்கேற்ற செடி. ஊதாவும் ரோஜா நிறமும் சாம்பலும் கலந்து, ஒவ்வொரு இலையும் பட்டுப்புடவையின் இரட்டைச் சாயம்போல் சாய்த்துப் பார்த்தால் ஒரு நிறம், நேரே பார்த்தால் ஒரு நிறம். தெருவே வந்து பார்த்தது. நானும் கொஞ்சம் தலை கனத்துத்தான் போனேன்.

மார்ச்சில் ஊதா வெளுத்து ஒரு மாதிரி சாம்பல் பச்சையாயிற்று. வெயில் போதவில்லை போலிருக்கிறது என்று கைப்பிடிச் சுவர்மேல் ஏற்றினேன். ஏப்ரலில் இலைகள் சுருங்கின. தாகம் என்று நினைத்துக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். மே மாதம் அக்கினி நட்சத்திரம் தொடங்கிய மூன்றாம் நாள் காலையில், சருகு எடுக்கலாமென்று ஒரு செடியைத் தொட்டேன். தலை மொத்தமும் சட்டி மூடிபோல் கையோடு வந்துவிட்டது. அடித்தண்டு இருந்த இடத்தில் காபித்தூள் நிறத்தில் கொழகொழப்பு. பழைய சோறு கெட்டுப்போன வாடை. மேலே பார்த்தால் செடி அன்று பூத்த பூ மாதிரி இருந்தது. இந்தச் செடியின் மோசமான குணம் அதுதான்: கால் அழுகி முடிந்த பிறகும் முகத்தில் காட்டாது. அந்த மாதத்துக்குள் ஒன்பது போயிற்று.

யார்மேல் குறை சொல்வது? செடி அனுப்பியவரிடம் கேட்டேன், "எங்ககிட்ட நல்லாத்தானேம்மா இருந்துச்சு" என்றார். அது உண்மைதான். அவர் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று: அவரிடம் ராத்திரி பத்துப் பன்னிரண்டு டிகிரி, என்னிடம் இருபத்தெட்டு.

ராத்திரிக்கும் செடிக்கும் என்ன சம்பந்தம் என்பாய். சின்ன வயதில் புத்தகத்துக்குள் மயிலிறகு வைத்துக் குட்டி போடும் என்று காத்திருந்திருப்பாய். அது போடவே போடாது. ஆனால் ரணகள்ளி இலையை வைத்தவர்கள் ஏமாந்ததில்லை. இலையின் பல் பல்லான ஓரத்தில் வரிசையாகக் குட்டிச்செடி முளைக்கும். 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்றே அதற்கு ஒரு பெயர். அந்த ரணகள்ளியும் நம் எச்செவேரியாவும் ஒரே குடும்பம், கிராசுலேசி.

அந்த ரணகள்ளி இலையை வாயில் போட்டுப் பார்த்த ஒருவர் இருந்தார். பெஞ்சமின் ஹெய்ன் என்று பெயர், ஜெர்மன்காரர். தரங்கம்பாடி மிஷன் வழியாக வந்து, மதராஸ் மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தாவரவியலாளராக இருந்தவர். காலையில் தின்றால் புளிக்கிறது, உச்சிப்பொழுதில் ருசியே இல்லை, சாயங்காலம் லேசாகக் கசக்கிறது என்று ஒரு கடிதத்தில் எழுதினார். 1815-இல் லின்னேயன் சொசைட்டி அதை அச்சிட்டது. ஒரே இலை, ஒரே நாள், மூன்று ருசி. ஏன் என்பது முழுதாக விளங்க நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

மற்றச் செடிகள் பகலில் வாய் திறந்து காற்றை இழுக்கும். அப்படி இழுக்கும்போது உள்ளே இருக்கும் ஈரமும் ஆவியாகப் போகும். தண்ணீருக்குத் தட்டுப்பாடான பாறையில் பிறந்த இந்தக் குடும்பத்துக்கு அந்தச் செலவு கட்டாது. அதனால் இவை பகலில் இலைத்துளைகளை இறுக்கி மூடிக்கொள்ளும். பொழுது சாய்ந்து குளிர்ந்த பிறகுதான் திறக்கும். ராத்திரி முழுக்க கரியமில வாயுவை இழுத்து, மாலிக் அமிலமாக மாற்றிச் சேர்த்து வைக்கும். அந்தப் புளிப்புத்தான் ஹெய்னின் நாக்கில் காலையில் பட்டது. பகலில் வாயை மூடிக்கொண்டு, சேர்த்த அமிலத்தை எடுத்து வெயிலில் சமைத்துச் சர்க்கரையாக்கும். மாலைக்குள் புளிப்பு தீர்ந்துபோகும். கிணற்றில் ராத்திரி ஊறுவதைப் பகலில் இறைக்கிற கணக்கு. ராத்திரி ஊறாத கிணற்றில் பகலில் ஏற்றம் போட்டு என்ன பயன்?

ராத்திரி பதினைந்து டிகிரி பக்கம் இருந்தால் ஊற்று நன்றாகச் சுரக்கும். சென்னை மே மாத ராத்திரியில் துளை சரியாகத் திறப்பதில்லை; சேர்த்துவைத்த கொஞ்ச நஞ்சத்தையும் செடி தன் மூச்சுக்கே செலவழித்துவிடுகிறது. பட்டினி கிடக்கும் உடம்பு. அதன் காலடியில் நான் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி ஊற்றி வைத்தேன். பூஞ்சைக்கு விருந்து வைத்ததுபோல் ஆயிற்று.

இந்தச் செடியின் ஊர் மெக்சிகோ. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட எச்செவேரியா இனங்களில் பெரும்பாலானவை அங்கே மலைச்சரிவிலும் பாறை இடுக்கிலும் இருப்பவை. மெக்சிகோ நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர். நம் ஊட்டியும் ஏறத்தாழ அதே உயரம். இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குத் தாம்பரத்தின் ஒன்பது சாவுக்கும் கணக்கு வந்துவிட்டது. ஆனால் ஒரு வித்தியாசத்தையும் பார். அங்கே மழை கோடையில். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பெய்து நின்றுவிடும். குளிர்காலம் வறண்டது. எங்கள் கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையும் அடிக்கும். குளிரும் ஈரமும் சேர்ந்து வரும். அதனால் மலையில் வளர்ப்பவளுக்கும் நிம்மதி கிடையாது. மேடைக்கு மேல் கூரை போட்டிருக்கிறேனே, அது வெயிலுக்கல்ல, அக்டோபருக்கு.

எச்செவேரியா என்ற பெயரையும் சொல்லிவிடுகிறேன், உனக்குப் பிடிக்கும். அத்தனாசியோ எச்செவெர்ரியா என்று மெக்சிகோவில் ஓர் ஓவியர். 1787-இல் ஸ்பெயின் அரசு அந்த நாட்டின் செடிகொடிகளைப் பதிவுசெய்ய ஒரு குழுவை அனுப்பியபோது அதில் படம் வரையச் சேர்ந்தவர். அந்தப் படங்களை ஹோசே மொசீனோ என்ற தாவரவியலாளர் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய், நாடு இழந்து அலைந்த காலத்தில் பிரான்ஸின் மோன்பெலியேவில் தி கண்டோல் என்ற அறிஞரிடம் ஒப்படைத்தார். 1817-இல் மொசீனோ திருப்பிக் கேட்டார். தி கண்டோல் என்ன செய்தார் தெரியுமா? அதற்குள் அவர் குடிபோயிருந்த ஜெனீவாவில் பென்சில் பிடிக்கத் தெரிந்த அத்தனை பேரையும் கூப்பிட்டார். நூறு பேருக்கு மேல், பெரும்பாலும் பெண்கள், சுமார் பத்தே நாளில் ஏறக்குறைய ஆயிரம் படங்களை நகலெடுத்துக் கொடுத்தார்கள். 1828-இல் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைக்க வேண்டி வந்தபோது, மூலப்படம் வரைந்தவர் பெயரையே அவர் வைத்தார். மந்திரி, பிரபு என்று யார் பெயரையோ வைக்காமல் வண்ணம் தீட்டியவன் பெயரை வைத்தார்கள் என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

சரி, கலருக்கு வருகிறேன்.

சிவப்பும் ஊதாவும் ஆந்தோசயனின் என்ற நிறமி. நாவல் பழத்தில் இருக்கும் அதே வகை. நல்ல வெளிச்சம் கிடைக்கிறது, செடி சர்க்கரை சம்பாதிக்கிறது. ராத்திரி குளிர்கிறது, தண்ணீர் குறைவு, உரம் இல்லை. அதனால் வளர்ச்சியில் செலவு இல்லை. செலவாகாத சர்க்கரை தேங்கும்போது செடி நிறமியை உண்டாக்கி இலைக்குக் குடை பிடிக்கிறது. தழைச்சத்து போட்டுப் பார், சம்பாதித்ததெல்லாம் புது இலையாகச் செலவாகும். செடி பெருக்கும், பச்சையாகும், கழுத்து நீளும். மாட்டுக்குத் தீவனம் போடுகிற கையோடு இந்தச் செடிக்கு வராதே. வருஷத்துக்கு ஒருமுறை, வளரும் பருவத்தில், மண்புழு உரம் ஒரு சிட்டிகை. அவ்வளவுதான்.

இங்கே ஜனவரி காலையில் வந்து பார்க்க வேண்டும். 'அகவாய்டெஸ்' என்று ஒன்று, இலைநுனியெல்லாம் மருதாணி வைத்த நகம்போல் சிவந்திருக்கும். 'லாவி' முழுக்க வெண்மாவு, அதற்குள்ளிருந்து ரோஜா நிறம் மங்கலாகத் தெரியும். அதைத் தொடவே தொடாதே, உன் கட்டைவிரலை எனக்குத் தெரியும். அதே செடிகள் ஜூலை மூடுபனியில் எல்லாம் ஒரே பச்சை. வாடிக்கையாளர் வந்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார்கள். போகட்டும். செடி நோயாளியில்லை, பருவத்தில் இருக்கிறது.

மண்ணைப் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்வார்கள். ஜப்பானிலிருந்து வரும் கல் வாங்கு, பெர்லைட் வாங்கு என்பார்கள். பெர்லைட் கெடுதல் இல்லை. மழையில் மிதந்து மேலே வந்து நிற்கும், அது எனக்குப் பிடிக்காது. என் கலவை எளிது. பழைய செங்கலை உடைத்து, நிலக்கடலை அளவுக்குச் சலித்து, மூன்று பங்கு. செம்மண் ஒரு பங்கு. நன்றாக மக்கிய இலைமக்கு ஒரு பங்கு. அடுப்புக்கரி ஒரு கை. செங்கலைச் சலிக்கும்போது கீழே விழும் தூளைச் சேர்க்காதே. அதுதான் சிமென்ட்போல் அடைத்துக்கொள்ளும். எம்-சாண்ட் போடுகிறவர்கள் கழுவிப் போட வேண்டும், அதே காரணம். தேங்காய் நார்க்கழிவைச் சொல்வாய். அது ஏற்ற தண்ணீரை எளிதில் விடாது; உன் ஊர்ப் புழுக்கத்துக்கு ஒத்துவராது. வாங்கி வரும் செடிகள் பெரும்பாலும் அதில்தான் நட்டு வரும். முதல் வேலையாக உதறி மாற்று. தொட்டி மண்தொட்டியாக இருக்கட்டும், அடியில் ஓட்டை சுண்டுவிரல் நுழையும் அளவு. கண்ணாடிக் கிண்ணத்தில் அடுக்கடுக்காய்க் கலர்க்கல் போட்டு நட்டு விற்கிறார்களே, அது அழகான சமாதி.

தண்ணீருக்கு நாள்கணக்குச் சொல்லச் சொல்லி எல்லோரும் கேட்கிறார்கள். வாரம் ஒரு தடவையா, பத்து நாளைக்கா? நாள்கணக்கைச் செடியிடம் கேள். அடி அடுக்கில் ஒரு இலையின் நுனியை இரண்டு விரலால் மெல்ல அமுக்கிப் பார் (அடி இலை போதும், ரேகை அங்கே பட்டால் பரவாயில்லை). தக்காளிக்காய்போல் விறைப்பாக இருந்தால் ஊற்றாதே. வெந்த பயறுபோல் கொஞ்சம் இசைந்து கொடுத்தால் ஊற்று, அடியில் ஒழுகும்வரை. இலைகள் ரோஜாப்பூப்போல் அடுக்கியிருக்கின்றனவே, அந்த ரோஜாவின் நடுவில் தண்ணீர் நிற்கக் கூடாது. நின்றால் வாயால் ஊதி விடு.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதே. நான் தாம்பரத்தில் குழப்பிக்கொண்டது. அடி இலை சுருங்கித் தோல் வற்றினால் தாகம் என்று அர்த்தம்; ஆனால் தண்ணீர் ஊற்றி இரண்டு மூன்று நாளில் அது நிமிர வேண்டும். நிமிரவில்லையா, வேர் போய்விட்டது, மேலும் ஊற்றாதே, பிடுங்கிப் பார். இலை சுருங்காமல் மஞ்சளாகி, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிறாற்போல் கண்ணாடியாகிவிட்டால் அது தாகமே இல்லை, அழுகல். அன்றைக்கே கத்தியை எடு.

எப்படி வெட்டுவதென்று சொல்கிறேன். பிளேடைத் தீயில் காட்டி ஆறவிட்டு, ரோஜாவுக்குக் கீழே தண்டைக் குறுக்கே அறு. வெட்டுமுகத்தைப் பார். நடுவில் பழுப்பு வளையம் தெரிந்தால் இன்னும் மேலே ஒரு கோதுமை கனம் சீவு. திரும்பவும் பார். பிளேடைத் திரும்பவும் சுத்தம் பண்ணு. வெள்ளரிப் பிஞ்சை அரிந்தாற்போல் ஒரே இளம்பச்சையாய், புள்ளியில்லாமல் வரும்வரை நிறுத்தாதே. கையில் தண்டே மிஞ்சாமல் இலைகள் உதிரத் தொடங்கிவிட்டால், சரி, இலைகளையாவது காப்பாற்று. சுத்தமான தலை கிடைத்தால் நிழலில், காலி டம்ளர் மேல் உட்கார வை, ஒரு வாரம். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும். அப்புறம் காய்ந்த கலவை மேல் வை. வேர் எட்டிப் பார்த்த பிறகே தண்ணீர். நல்ல செடியின் தலையைப் பெருக்கத்துக்காக எடுப்பதானால் பிளேடு நுழையாது. அடுக்குக்கு நடுவே தூண்டில் நரம்பைக் கொடுத்து இழு. அடிக்கட்டையை எறியாதே. மூன்று நான்கு குட்டிகள் வெடிக்கும்.

இலையிலிருந்து வளர்ப்பதுதான் உனக்கு லாபம். இலையைக் கீழ்நோக்கி இழுக்காதே. இடமும் வலமுமாக மெல்ல ஆட்டு. 'டக்'கென்று ஒரு சின்னச் சத்தம் வரும். அடிப்பாகம் பிறைபோல் முழுதாக வந்திருக்க வேண்டும். கிழிந்து வந்தால் அதில் குருத்து இல்லை, எறும்புக்குத்தான் ஆகும். நாலைந்து நாள் தட்டில் காயவிட்டு, காய்ந்த மண்மேல் படுக்க வை. புதைக்காதே. இளஞ்சிவப்பாக நூல்போல் வேர் வரும், அதன் பக்கத்தில் மிளகளவு ரோஜா. தாய் இலை சுருங்கச் சுருங்கக் குழந்தை பெருக்கும். அவசரப்பட்டுத் தாய் இலையைப் பிய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவர்களிடம் பேச ஒன்றுமில்லை. பெரிய முட்டைக்கோஸ் மாதிரி இருக்கும் கிப்பிஃப்ளோரா வகைகள் மட்டும் இலையில் அடம் பிடிக்கும். அவற்றுக்குப் பூத்தண்டில் ஒட்டியிருக்கும் குட்டி இலைகளை எடுத்துப் பார், அதில் வரும்.

மாவுப்பூச்சி வரும். வராது என்று சொல்கிறவர் பூதக்கண்ணாடி போட்டுப் பார்க்காதவர். அடியில் சருகு சேரவிடாதே, அங்கேதான் குடித்தனம் வைக்கும். எறும்பு வரிசை தெரிந்தால் பூச்சி இருக்கிறது என்று வைத்துக்கொள். மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பிள்ளைகளின் பெயின்ட் பிரஷ்ஷை நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடு, பொழுது சாய்ந்த பிறகு. எல்லோரும் வேப்பெண்ணெய் என்பார்கள். கத்தரிக்காய்க்கு அடி, வேண்டாமென்று சொல்லவில்லை. இதற்கு அடித்தால் மாவெல்லாம் கரைந்து, மறுநாள் வெயிலில் இலை வெந்துபோகும்.

இப்போது உன் மொட்டை மாடி. மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேள்: தாம்பரத்தில் எச்செவேரியாவை வைத்துப் பிழைக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. வளர்க்கலாம், டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை அது உன்னிடம் சந்தோஷமாகவே இருக்கும். ஏப்ரலிலிருந்து ஜூலை வரை தூங்குகிற செடியாக நினைத்துக்கொள். ஐம்பது சதவீத நிழல்வலை, தரையிலிருந்து தூக்கி வைத்த மேடை, ராத்திரி முழுக்க ஒரு மேஜை விசிறி, சிமென்ட் தளம் ஆறிய பிறகு எட்டு ஒன்பது மணிக்கு மேல் கொஞ்சமாகத் தண்ணீர். அப்போதும் சிலது போகும். அதைக் கடைச்சரக்காக வைத்துக்கொண்டு நீ தூங்க முடியாது.

உனக்கு நான் கொடுப்பது கிராப்டோபெட்டலம் பராகுவாயென்ஸ். பெயரில் பராகுவே இருக்கிறதே தவிர அந்த நாட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. தவறாக வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது, அதுவும் மெக்சிகோச் செடிதான். எச்செவேரியாவுக்குப் பங்காளி, அதே ரோஜா வடிவம், ஆனால் வெக்கையையும் புழுக்கத்தையும் தாங்கும். நிழலில் நீலச்சாம்பல், வெயிலில் ரோஜாவும் மஞ்சளும் கலந்த ஒரு நிறம். கீழே விழுந்த இலையெல்லாம் முளைக்கும். பெருக்கித் தள்ளிய குப்பையில் முளைத்ததைப் பார்த்திருக்கிறேன். சாதாரணச் செடி என்று பெரிய நர்சரிக்காரர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். உன் ஊர் ராத்திரியில் உயிரோடிருக்கிற சாதாரணச் செடி, அங்கே சாகிற மகாராணியைவிட மேல் என்பது என் கட்சி.

விற்பதைப் பற்றிக் கொஞ்சம் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வேரில் மண்ணில்லாமல் வரும் செடிகளைப் பார்த்திருப்பாய், பவழம்போல் சிவந்து. அந்தச் சிவப்பு அந்த ஊர்க் குளிரில் வாங்கியது. இங்கே வேர் பிடித்த இரண்டாம் மாதம் பச்சையாகிவிடும். அதைத் தெரிந்துகொண்டே சிவப்பு விலைக்கு விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் தொட்டியோடு ஒரு துண்டுச்சீட்டுக் கொடுக்கிறேன்: இது மலைக்குளிரில் வந்த நிறம், கீழே கொண்டுபோனால் மாறும், செடிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று. அதைப் படித்துவிட்டுத் தொட்டியைத் திருப்பி வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. கண்காட்சிகளில் நீலம், தங்கம் என்று பெயின்டே அடித்து விற்கிறார்கள். பெயின்ட் அடித்த இலை எங்கே மூச்சு விடும்?

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் இறக்குமதி அனுமதி, பயிர்ச் சுகாதாரச் சான்றிதழ் இரண்டும் கேட்டு வாங்கு. பையில் போட்டுக் கொண்டுவந்தது வேண்டாம். காகிதம் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கலிஃபோர்னியாவின் கடற்கரைப் பாறைகளில் டட்லியா என்று இதே ரோஜாச் செடிகள். மனிதர் ஏறவே பயப்படும் இடத்திலிருந்து ஆயிரக்கணக்கில் பிடுங்கி ஆசியச் சந்தைக்குக் கடத்தினார்கள். அதைத் தடுக்கவே 2021-இல் அங்கே தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. இலையிலிருந்து குட்டி எடுத்து வளர்க்கத் தெரிந்த நமக்குக் காட்டுச் செடி எதற்கு?

இந்தக் கடிதத்தோடு தினசரித் தாளில் சுருட்டிப் பதினைந்து இலை அனுப்புகிறேன். எல்லாம் அந்தக் கிராப்டோபெட்டலம். வந்ததும் பிரித்து நிழலில் வை. இரண்டு மூன்று வாடியிருந்தாலும் எறியாதே. வேர் தெரிந்த பிறகு தண்ணீர் தெளித்தால் போதும்.

பொட்டலத்துக்குள் ஒரு தெர்மாமீட்டரும் இருக்கும். ராத்திரியில் எவ்வளவுக்கு இறங்கியது என்பதைக் காலையிலும் காட்டும் வகை. சுவரில் மாட்டாதே, சுவர் பகல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தொட்டி வைக்கப்போகும் உயரத்தில், காற்றாட ஒரு கம்பியில் கட்டு. தினசரி காலண்டரில் தாளைக் கிழிக்கிறாய் அல்லவா, கிழித்த தாளின் பின்பக்கம் முந்தின ராத்திரிக் கணக்கை எழுதி ஒரு டப்பாவில் போட்டு வை. ஆடி பிறந்ததும் அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு வா. முந்தின ராத்திரி பஸ்ஸைப் பிடி, மத்தியானச் சாப்பாடு இங்கே. தாள்களைத் திண்ணையில் பரப்பி வைத்துக்கொண்டு எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது என்று பேசுவோம். அதுவரை ஒரு தொட்டிகூட வாங்காதே.

அன்புடன்,
கோத்தகிரி அம்மா